ஏழுமலை வீட்டு வலை

கள்ளக்குறிச்சிக்கு யாரும் ஊர் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. நானும் அதற்காகப் போகவில்லை. ஐம்பதை நெருங்குகிற வயதில், முதுகுவலித் தைலத்தைப் பையில் போட்டுக்கொண்டு, வீச்சு வலை எறியக் கற்றுக்கொள்ளப் போனேன். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு லேபிள் அச்சடித்துக் கொடுப்பது என் தொழில். மீனுக்கும் எனக்கும் அதுவரை இருந்த உறவெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் குழம்போடு சரி.

போனதற்குக் காரணம் என் தங்கை சாந்தி. திருப்பூருக்குத் தையல் வேலைக்கு வந்த ஏழுமலை அவளை விரும்பிக் கட்டிக்கொண்டு, கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் தன் ஊருக்கு அழைத்துப் போய்விட்டான். நல்ல பையன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பைக்கில் போனவன் கரும்பு லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். ஒரே மகள் கோகிலா. கள்ளக்குறிச்சியில் கல்லூரியில் படிக்கிறாள், இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கிறது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். கோடையில் ஏரி வற்றும்போது ஒரு நாள் குறித்து ஊரே இறங்கி மீன் பிடிக்கும். அதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டின் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் அந்த வீட்டு ஆண் தண்ணீரில் இறங்கி ஒரு வலை வீச வேண்டும். வலை விழுந்தால் அது தனி வீடு. ஊர்க்கூட்டத்தில் அந்த வீட்டுக்கு வாய் உண்டு. வலை விழாத வீடு பங்காளி வீட்டோடு சேர்ந்துவிடும். அதற்கப்புறம் நல்லது கெட்டது எல்லாவற்றையும் பங்காளிதான் பேசுவார். ஒருவர் ஒரு வீட்டுக்குத்தான் வீசலாம் என்பதால் ஊரில் வேறு ஆளையும் பிடிக்க முடியாது. ஏழுமலை செத்த பிறகு ஏரி இப்போதுதான் முதல்முறையாக வற்றியிருந்தது.

பங்காளி என்பது ஏழுமலையின் அண்ணன் முனுசாமி. தன் மச்சினனுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, கோகிலாவைக் கட்டிவைப்பதென்று அவர் தீர்மானம் பண்ணி வைத்திருந்தார். மாப்பிள்ளை போர்வெல் லாரி ஓட்டுகிறான், கோகிலாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவன். படிப்பு கல்யாணத்துக்கு அப்புறம் எதற்கு என்று இப்போதே கேட்கிறான். சாந்தி போனில் சொன்னது இதுதான்: "எங்க வூட்டு வலை விழுந்துடுச்சின்னா என் பொண்ணுக்கு நான்தாண்ணா பேசுவேன். நீ வந்து வீசிக் குடு. வேற ஒண்ணும் வேணாம்." கூடப்பிறந்தவன் ஒருவன் இருந்து வேறென்ன கிழிக்கப் போகிறேன்? கிளம்பிவிட்டேன்.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் இறங்கியபோது உச்சி வெயில். மாவட்டத் தலைநகர் ஆகிவிட்டதால் எங்கு பார்த்தாலும் கோப்புக் கட்டும் கையுமாக ஆட்கள். டீக்கடையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், முன்னெல்லாம் விழுப்புரம் வரை போய் அலைந்ததாகவும் இப்போது உள்ளூரிலேயே அலைய முடிகிறது என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. உண்மையான நன்றியோடுதான் சொன்னார். பரோட்டாவுக்கு ஊற்றிய சால்னா காரமாக இருந்தது. எங்கள் பக்கம் எதிலும் தேங்காய் அரைத்து ஊற்றிக் காரத்தை அடக்கிவிடுவோம். இங்கே அந்த இரக்கம் கிடையாது.

ஊருக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் என்னோடு மூன்று பெண்கள், ஒரு மூட்டை தவிடு, இரண்டு ஆட்டுக்குட்டிகள். ஒரு குட்டி என் செருப்பு வாரைத் தின்றது. பாதி வழியில் ஆட்டோ நின்றுவிட, டிரைவர் இறங்கி எதையோ தட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்கள் நான் யார் என்று விசாரித்தார்கள். சாந்தியின் அண்ணன் என்றதும் ஒருத்தி, "திருப்பூர்க்காரி அண்ணனா" என்றாள். இருபது வருஷமாக அந்த ஊரில் சோறு பொங்கியும் அவள் இன்னும் திருப்பூர்க்காரிதான். எதற்கு வந்தேன் என்று சொன்னேன். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி, நல்லபடியாகக் கற்றுக்கொள்ளுங்கள் என்று வாழ்த்தினாள்.

சாந்தி வாசலில் நின்று "வாண்ணா, இன்னா இவ்ளோ நேரம்?" என்று கேட்டபோது எனக்குத் திக்கென்றது. என் தங்கை வாயிலிருந்து 'இன்னா' வரும் என்று நான் நினைத்ததில்லை. எங்கள் வீட்டில் பூனையைக்கூட வாங்க போங்க என்பவள் அவள். மெலிந்திருந்தாள். அன்றைக்குக் கத்தரிக்காயும் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள். கோகிலா பரீட்சை எல்லாம் முடித்துவிட்டு, அடுத்த வருஷத்துப் புத்தகங்களை சீனியர் பெண் ஒருத்தியிடம் வாங்கி அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கள்ளக்குறிச்சி கடைத்தெருவுக்குத் திரும்பப் போய் வலை வாங்கினேன். கூட வந்தவன் பழனி, ஏழுமலையின் கூட்டாளி. ஜேசிபி ஓட்டுகிறவன், முப்பத்தைந்து வயதிருக்கும். எதையும் சிரித்துக்கொண்டே சொல்வான். எனக்கு வலை சொல்லித்தர அவனாகத்தான் முன்வந்தான். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எனக்கு என்று சின்னதாக ஒரு வலையை எடுத்துப் போட்டார். பழனி ஒத்துக்கொள்ளவில்லை. ஊர் பார்க்க விழுகிற வலை அகலமாக விழ வேண்டும் என்று பெரியதாகவே எடுத்தான். நைலான் வலை, ஓரம் முழுக்க ஈயக் குண்டு. அதைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார். புது வலை, நாற்றம்கூட இல்லை என்று வாதாடினேன். வலையோடு ஏறுகிறவன் எவனும் திரும்பும்போது நாற்றம் இல்லாமல் வந்ததில்லை என்றார் அவர். டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.

ஏரியில் பழக முடியாது. குறித்த நாளுக்கு முன்னால் யாரும் தண்ணீரில் வலை நனைக்கக் கூடாது, காவல் போட்டிருக்கிறார்கள். அதனால் முதல் பாடம் நெல்லடிக்கும் களத்தில், காய்ந்த தரையில். வலை வீசுவது கையால் செய்கிற வேலை என்று நினைத்திருந்தேன். பாதி வேலை வாய்க்குத்தான். கயிற்றை இடது மணிக்கட்டில் மாட்டி, வலையைச் சுருட்டிப் பிடித்து, கொஞ்சத்தை முழங்கையில் போட்டு, ஓரத்து ஈயக் குண்டு ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீதியை இரண்டு கையிலும் பிரித்து, இடுப்பைச் சுழற்றி விட வேண்டும். விடும்போது வாயைத் திறக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை முதல் வீச்சில் மறந்துவிட்டேன். கீழ்ப்பல் ஒன்று அன்றைக்கு ஆடத் தொடங்கியது, இன்னும் ஆடுகிறது.

இரண்டாவது வீச்சில் சட்டைப் பொத்தானில் வலைக்கண் மாட்டி, வலையோடு சேர்ந்து நானும் போனேன். பழனி சட்டையைக் கழற்றச் சொன்னான். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் வெட்டவெளியில் தொந்தியைக் காட்டிக்கொண்டு நின்றேன். மக்காச்சோளம் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எப்படி வீசினாலும் வலை வாழைக்காய் மாதிரி நீளமாகவே விழுந்தது.

சாயங்காலத்துக்குள் ஊரே களத்துக்கு வந்துவிட்டது. ஒருத்தர் காலை அகட்டச் சொன்னார். இன்னொருத்தர் அகட்டாதே என்றார். முனுசாமியும் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, மெல்லிய குரல். என் மணிக்கட்டுக் கயிற்றைத் தானே அவிழ்த்து, இறுக்கமாக இருக்கிறது, ரத்தம் கட்டிவிடும் என்று தளர்த்தி மாட்டிவிட்டார். வீட்டிலிருந்து மோர் கொண்டுவரச் சொல்லிக் கொடுத்தார். கெட்டவன் கெட்டவனாக இருந்து தொலைத்தால் நமக்கு எவ்வளவு சௌகரியம். அந்த மோர் நன்றாகவே இருந்தது.

தண்ணீரில் பழக மலைக்குத்தான் போக வேண்டும் என்றான் பழனி. மலைமேல் ஓடை மடுக்களில் கோடையிலும் தண்ணீர் நிற்கும். வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் முக்கியது, முனகியது, ஒரு வளைவில் புகை விட்டு நின்றேவிட்டது. எல்லோரும் ஒன்றும் நடக்காததுபோல இறங்கி நிழலில் உட்கார்ந்தார்கள். எங்கள் ஊரில் பஸ் ஐந்து நிமிஷம் நின்றால் கண்டக்டரின் பரம்பரையே இழுபடும். இங்கே ஒருவர் பலாப்பழத்தை அறுத்து எல்லோருக்கும் சுளை கொடுத்தார். டிரைவரும் வந்து சாப்பிட்டார். பிசின் ஒட்டிய கையோடு அவர் ஸ்டியரிங்கைப் பிடித்ததுதான் எனக்குக் கொஞ்சம் கவலையாக இருந்தது.

பழனிக்குத் தெரிந்த மலைக்குடும்பம் ஒன்றின் கொல்லைக்குப் பின்னால் இருந்தது மடு. பாறைகளுக்கு நடுவே பச்சைத் தண்ணீர். காலையிலிருந்து வீசினேன். தண்ணீரில் ஒரு வசதி, விழுந்தால் அடிபடாது. ஒரு பாறை இடுக்கில் வலை மாட்டிக் கிழிந்தது. பழனி இறங்கி முழுகி எடுத்தான், உட்கார்ந்து தைத்தான், திரும்பக் கொடுத்தான். ஒரு தரம்கூட அலுத்துக்கொள்ளவில்லை. "தோள்ல பலம் வெக்காதீங்க மச்சான், இடுப்பு போற பக்கம் அது போவும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தான்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் வலை திறந்தது. எப்படி என்று எனக்குத் தெரியாது. இடுப்பு திரும்பியது, வாய் தானாகத் திறந்தது, வலை என் கையைவிட்டுப் போய் ஆகாயத்தில் வட்டமாக விரிந்து ஒரே சமயத்தில் தண்ணீரில் விழுந்தது. அத்தனை குண்டுகளும் சேர்ந்து விழுகிற சத்தத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். இழுத்தால் உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு கெண்டை. நான் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தேன். என் அச்சகத்தில் முதல் மெஷின் ஓடியபோதுகூட அப்படிச் சிரித்ததில்லை. சாந்தி முகம் நினைவுக்கு வந்தது, இனி ஒரு கவலையும் இல்லை என்று நினைத்தேன். அதற்கப்புறம் பத்துக்கு ஏழு தரமாவது வட்டமாக விழுந்தது.

அந்த வீட்டு அம்மாள் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். சாமைச் சோற்றை எங்கள் ஊரில் சர்க்கரைக்காரர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுப்பார். இங்கே அது வெறும் சோறு, ருசிக்காகச் சாப்பிடுவது. இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக்கொண்டேன். யாருக்காக வலை பழகுகிறேன் என்று அம்மாள் கேட்டார். சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பழனியைப் பார்த்து, "பொண்ணு குடுத்த வூட்டு ஆளு வலை உங்க ஊர்ல செல்லுமா?" என்றார். பழனி, அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் அக்கா என்று சொல்லிவிட்டு, அந்த வருஷம் தேன் எப்படி என்று விசாரிக்க ஆரம்பித்தான். மலையில் வேறு வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் மொச்சையைத் தின்றேன்.

குறித்த நாள் வந்தது. பொழுது விடியும்போதே ஏரிக்கரையில் சந்தைக் கூட்டம். தியாகதுருகம் பக்கத்திலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். ஐஸ் வண்டிகூட வந்துவிட்டது. பெண்கள் கரைமேல் வாளியும் அன்னக்கூடையுமாக வரிசையாக நின்றார்கள். அவர்கள் நடுவே சாந்தி, கல்யாணப் பட்டு கட்டியிருந்தாள். மீன் பிடிக்கிற இடத்துக்குப் பட்டுச் சேலையா என்று யாரோ சிரித்தது என் காதிலேயே விழுந்தது. அவள் காதில் விழாமல் இருந்திருக்காது.

ஊர்ப் பெரியவர் கரையில் நின்று ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். ஒவ்வொருவராக இறங்கி வீசினார்கள். வலை விழ விழ அந்தந்த வீட்டுப் பெண்கள் குலவை இட்டார்கள். "ஏழுமலை வூடு" என்று கூப்பிட்டதும் சேற்றில் இறங்கினேன். முழங்காலுக்குமேல் தண்ணீர். கயிற்றை மாட்டினேன், வலையைப் பிரித்தேன், குண்டைப் பல்லில் கடித்தேன். இடுப்பைத் திருப்பப் போன நேரத்தில் பின்னாலிருந்து என் தோளில் ஒரு கை விழுந்தது.

முனுசாமிதான். வேட்டி நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல் இறங்கி வந்திருந்தார். "மச்சான், நீங்க எங்களுக்குப் பொண்ணு குடுத்த வூட்டுக்காரங்க. உங்கள சேத்துல எறக்கி மீன் புடிக்க வெச்சோம்னா நாளைக்கு எங்கள யாரு மனுசனா மதிப்பாங்க?" என்றார். மெல்லிய குரல்தான், ஆனால் கரை முழுக்கக் கேட்டது. எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. வாயில் ஈயக் குண்டு இருந்தது.

அதைத் துப்பிவிட்டு, நான் சாந்தி வீட்டுக்காகத்தான் வந்திருக்கிறேன், ஒரு வாரமாக ஊரே பார்த்துக்கொண்டிருந்ததே என்றேன். ஊர்ப் பெரியவர் கரையிலிருந்து கும்பிட்டார். "விருந்தாளி வலை வீசற பழக்கம் இங்க இல்லீங்க. பங்காளிதான் வீசணும். நீங்க மேல வந்து ஒக்காருங்க, மீனு உங்களுக்குத்தான் மொதல்ல" என்றார். அதற்குள் பனைமர நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்துவிட்டது. யாரோ கலர் சோடா உடைத்துக் கையில் கொடுத்தார்கள். அத்தனை பேரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். என்னைத் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், பிடித்துத் தள்ளியிருந்தால் மல்லுக்கு நின்றிருப்பேன். உட்காருங்கள் என்று கும்பிடுகிறவர்களை என்ன செய்ய முடியும்?

முனுசாமி என் மணிக்கட்டிலிருந்து கயிற்றைக் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டார். அவர் வீட்டுக்கு அவர் மகன் ஏற்கெனவே வீசிவிட்டிருந்தான். என் வலையை, பழனி ஊர் பார்க்க விழ வேண்டும் என்று தேர்ந்தெடுத்த வலையை, ஒரே சுழற்றில் விட்டார். அப்படி ஒரு வட்டம் நான் மலையிலும் போட்டதில்லை. ஏழுமலை வீட்டு வலை விழுந்தது, அண்ணன் கையால் விழுந்தது, இனி அந்த வீட்டுக்கும் அண்ணன்தான் பேசுவார் என்று பெரியவர் அறிவித்தார். குலவைச் சத்தம் எழுந்தது. சாந்தியைத் தேடினேன். அவள் வாய் அசையவில்லை. அவள் பக்கத்தில் இருந்தவள் அவளுக்கும் சேர்த்துக் குலவை இட்டாள்.

பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினார், ஊரே தண்ணீரில் பாய்ந்தது. நான் கையில் சோடாவோடு உட்கார்ந்திருந்தேன். பழனி சேறும் சகதியுமாக என் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டான். உனக்கு முதலிலேயே தெரியுமா என்று கேட்டேன். "வூட்டுக்கு வந்தவங்ககிட்ட உன் கை செல்லாதுன்னு எப்பிடிச் சொல்றது மச்சான்? நீங்க அவ்ளோ ஆசையா கத்துக்கினு இருந்தீங்க. நல்லா வீசறவர நாலு பேரு முன்னாடி நிறுத்தினா விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்" என்றான். ஆட்டோவில் வாழ்த்தியவளிலிருந்து களத்தில் கால் அகட்டச் சொன்னவர் வரை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. யாருக்கும் என் மனத்தைப் புண்படுத்த மனம் வரவில்லை. இருபது வருஷம் அங்கே வாழ்ந்த சாந்திக்கு மட்டும் தெரியவில்லை. பெண்களுக்கு அதைச் சொல்ல வேண்டிய தேவை யாருக்கும் வந்ததில்லையாம். இந்த நாகரிகத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

சொன்ன சொல் தவறாமல் மீன் வீட்டுக்கு வந்தது. அன்னக்கூடை நிறைய விரால், ஜிலேபி, கெண்டை, எல்லாம் பொறுக்கி எடுத்தவை. அதைத் தூக்கி நாய்க்குப் போடு என்றேன். சாந்தி பட்டுச் சேலையை மாற்றிவிட்டு வந்து, சாம்பலைப் போட்டு விராலைத் தேய்க்க உட்கார்ந்தாள். "மீனு இன்னாண்ணா பண்ணும்?" என்றாள். நான் இப்படி ஆகும் என்று தெரியாமல் வந்து நிலைமையை மோசமாக்கிவிட்டேன் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் நிமிரவில்லை. குழம்பு கொதிக்கும்போது மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், புகை என்று சொன்னாள். நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டோம். குழம்பு ருசியாக இருந்தது என்று இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு முனுசாமியும் அவர் மனைவியும் தட்டில் வெற்றிலை பாக்கு பூவோடு வந்தார்கள். முன்பெல்லாம் படலுக்கு வெளியே நின்று குரல் கொடுப்பார்கள் என்று கோகிலா சொன்னாள். அன்றைக்கு நேராக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த முகூர்த்தத்தில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று முனுசாமி என்னிடம் சொன்னார். சாந்தியைப் பார்க்கக்கூட இல்லை. பிறகு கையைப் பிடித்துக்கொண்டார். "தாய்மாமன் நீங்க இல்லாம எங்க வூட்ல ஒண்ணும் நடக்காது மச்சான். மொத மால உங்க கையாலதான். சீரோட வந்து நிக்கணும்" என்றார்.

காலையில் வலைக்கு ஆகாத கை, சாயங்காலத்துக்குள் மாலைக்கு ஆகிவிட்டது. எனக்கு இதில் சம்மதம் இல்லை, பெண் படிக்கட்டும் என்றேன். அவர் சிரித்தார், கோபம் துளியும் இல்லை. மாமனுக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும், வீட்டுப் பிள்ளை போகிறாள் அல்லவா என்று தன் மனைவியிடம் சொன்னார். நான் இன்னும் சத்தமாகப் பேசப் போனேன். அப்போதுதான் சாந்தி டீயோடு வந்தாள்.

"அண்ணன் காலைல ஊருக்குப் போவுது மாமா" என்றாள் அவரிடம். "சீர் ஜவுளி எடுக்கணும்ல. கோகிலாவும் கூடப் போய் புடிச்சத எடுத்துக்கினு, மாமன் வூட்டு விருந்த முடிச்சிக்கினு வரட்டும்." டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். முனுசாமி மனைவியைப் பார்த்தார். கல்யாணத்துக்கு இருக்கிற பெண்ணை மாமன் விருந்துக்கு அழைத்தால் வேண்டாம் என்று சொல்ல அந்த ஊரில் யாருக்கும் வாய் கிடையாது. அவருக்கும் இல்லை. தாராளமாகப் போய் வரட்டும் என்றார்.

அவர்கள் போன பிறகுதான் எனக்கு விளங்கியது. கோகிலா கொல்லைப்பக்கம் போனதும், எத்தனை நாளைக்கு என்று சாந்தியிடம் கேட்டேன். "நான் கூப்புடற வரைக்கும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நான் கூப்புட மாட்டண்ணா" என்றாள். நீயும் வந்துவிடு என்று கெஞ்சினேன். அவள் கேட்கவில்லை. அவளும் கிளம்பினால் அது விருந்து ஆகாது, தேடி வந்துவிடுவார்கள், இருக்கிற வீட்டையும் நிலத்தையும் போட்டுவிட்டு வர முடியாது என்றாள். ஆடு மாட்டைக் கட்டிவிட்டு வந்து கோகிலாவின் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். நாலு செட்டுக்கு மேல் வைக்கவில்லை. விருந்துக்குப் போகிறவள் அதற்குமேல் எடுத்துப் போக மாட்டாள். அட்டை போட்ட புத்தகங்களைக் கோகிலா கையில் எடுத்தபோது சாந்தி வாங்கித் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

காலையில் பஸ் நிறுத்தம் வரை முனுசாமியே வந்தார். கோகிலாவின் பையை அவர்தான் தூக்கிக்கொண்டார். பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்து, சீக்கிரம் வந்துவிடம்மா என்றார். சாந்தி அவருக்கு இரண்டடி பின்னால் நின்றாள். அம்மாவும் மகளும் கட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை. ஒரு வாரத்தில் திரும்பி வருகிறவளுக்காக யார் அழுவார்கள்? பஸ் நகர்ந்தபோது சாந்தி கையை மட்டும் தூக்கினாள்.

கள்ளக்குறிச்சிக்குள் நுழையும்போது கோகிலாவின் கல்லூரி வந்தது. கேட் பூட்டியிருந்தது, கோடை விடுமுறை. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் பிஸ்கட் பாக்கெட்டின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வருஷத்தில் எங்கள் பக்கம் எந்தக் கல்லூரி சேர்த்துக்கொள்ளும், அதற்கு என்ன சான்றிதழ் கேட்பார்கள், அதை வாங்க யார் இங்கே திரும்பி வருவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கிடைக்காவிட்டால் என்ன, எங்கள் ஊரில் பனியன் கம்பெனிக்கா பஞ்சம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்புக்காக என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

எதையாவது பேச வேண்டுமே என்று, கவலைப்படாதே கண்ணு, அம்மா கூப்பிட்டதும் திரும்பிவிடலாம் என்றேன்.

"அம்மா கூப்புடாது மாமா" என்றாள் கோகிலா. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. சாந்தியும் சொல்லியிருக்க மாட்டாள்.